லூபெனின் கோணல்

விளக்கு எரிகிறது, மோட்டார் சுற்றுகிறது,
க்ரக் க்ரக் க்ரக் என்று மூன்று முறை செருமிவிட்டு
படிக்க முடியவில்லை என்கிறது திரை,
பச்சை எழுத்தில், கொஞ்சமும் வருத்தமில்லாமல்.
மறுபடி முயலவா? ஆம்.
மறுபடி முயலவா? ஆம்.
பதினேழாவது ஆமுக்குப் பிறகு
தேநீர் வைக்க எழுந்துபோனேன்.

ரூசே நகரம், நீர்மட்ட அலுவலகம், இரண்டாம் தளம்.
ஜன்னலுக்கு வெளியே பிப்ரவரி.
பனிப்பாளங்களை ஒன்றோடொன்று இடிக்கவிட்டபடி
டான்யூப் போகிறது.
அக்கரை ருமேனியா. இன்று மூடுபனி, அக்கரையே இல்லை.
மேசைமேல் ஒரு பழைய ப்ரவெட்ஸ் கணினி,
அதன் வாயில் ஒரு ஃபிளாப்பி.
உறையில் பென்சில் எழுத்து:
நீர்மட்டம், 1990, முதல் அரையாண்டு.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
இவர்கள் ஆற்றையே அளந்து
இதில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பட்டைக் கம்பியைத் தலைகீழாகச் செருகியிருந்தால்
விளக்கு அணையவே அணையாது. அணைகிறது. எனவே அதில்லை.
மூடியைக் கழற்றினேன்.
நான்கு திருகாணிகளில் ஒன்று ஏற்கெனவே இல்லை.
தலையைத் துடைக்க ஸ்பிரிட் கேட்டால்
ஸ்வெட்டொமிர் பிளம் ராக்கியாவை நீட்டுகிறான்.
அதில் சர்க்கரை இருக்கும், நீயே குடி என்றேன். குடித்தான்.
மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு
வெள்ளையாகப் போய் வெள்ளையாகவே திரும்பியது.
சோபியாவிலிருந்து வந்த வட்டு எதைப் போட்டாலும்
மடமடவென்று ஒப்பிக்கிறது.
இது ஒன்றிடம் மட்டும் செருமல்.

வர்னாவுக்குப் போன் போட்டேன். லூபென் எடுத்தார்.
எந்த டிரைவில் எழுதினீர்கள்?
பழையதில். அது குப்பைக்குப் போய் வெகுகாலம்.
எப்போதாவது கீழே விழுந்ததா?
பதில் இல்லை. அவருக்குப் பின்னால்
கடற்காகங்கள் சண்டையிடுவது மட்டும் கேட்டது.
பிறகு, யார் சொன்னது உனக்கு? என்றார்.

எண்பத்தொன்பது டிசம்பர், கடைசி இரவு, அலுவலகத்தில் விருந்து.
நான் தள்ளவில்லை, மேசைதான் தள்ளியது.
எடுத்து வைத்தோம். அதன்பின் நன்றாகத்தானே ஓடியது!

ஓடியிருக்கும்.
மயிரிழை விலகிய தலை மயிரிழை விலகி எழுதியது.
அதே தலை, அதே விலகலில் நின்று, தான் எழுதியதைப் படித்தது.
ஆறு மாதமும் அதற்கு எல்லாம் நேர்தான்.
என் டிரைவ் நிஜமாகவே நேரானது.
கோளாறு அதுதான்.

ஒழுங்காக இருக்கும் ஒன்றைக் கெடுக்க
யாரும் எனக்குப் பயிற்சி தரவில்லை.
மோட்டாரின் பழைய இடத்தை நகப்பூச்சால் குறித்துக்கொண்டேன்,
சிவப்பு, ஒரு துளி.
இரண்டு திருகாணியைத் தளர்த்தி
நூலிழை இடப்பக்கம். செருமல்.
இன்னும் நூலிழை. செருமல்.
அதில் பாதி திரும்பி வலப்பக்கம்,
மூச்சு விட்டால் நகர்ந்துவிடும் என்று மூச்சைப் பிடித்து,

ஜனவரி 1: 214
ஜனவரி 2: 211
ஜனவரி 3: 211

ஸ்வெட்டொமிர் கோப்பையைக் கீழே வைத்தான்.
புத்தாண்டுக் காலை, அத்தனை கூத்துக்கும் பிறகு,
யாரோ பனியில் படியிறங்கிப்போய்
ஆற்றை அளந்திருக்கிறார்.

மார்ச் வரை தங்குதடையில்லை.
ஏப்ரலில் ஓரிடத்தில் பூஞ்சை, பட்டாணி அளவு.
ஒன்பதிலிருந்து பத்தொன்பது வரை பதினோரு நாள் வரவில்லை,
எந்தக் கோணத்துக்கும் வரவில்லை.
மறுபடி வர்னா.
ஏப்ரலா? என்று யோசித்தார். கலங்கலாக இருந்தது.
அளவு?
அளவுகோலின் கீழ்ப்பாதி சேற்றில். கையை விட்டுப் பார்த்தேன்.
சட்டை முழங்கை வரை நனைந்தது.
எந்தப் படியில் நின்றீர்கள்?
அது யாருக்கு ஞாபகம்!

குறிப்பு என்ற கட்டத்தில் அப்படியே எழுதிவைத்தேன்:
முழங்கை வரை.
சிவப்புத் துளிக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு துளி,
அதன்மேல் பென்சிலில் லூ.
டிரைவை இன்னும் நேராக்கவில்லை.
பெட்டியில் மேலும் நான்கு வட்டுகள் இருக்கின்றன,
எல்லாம் அவர் கையெழுத்து.